ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ்மேன்: தாமதமாகக் கனியும் ஒரு தொழில்

ஐஸ் ஹாக்கியை முதன்முதலாகப் பார்ப்பவரின் கண், வட்டின் பின்னாலேயே ஓடும். ரப்பரால் செய்த, 170 கிராம் எடையுள்ள, உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த வட்டு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது வேறெங்கே பார்ப்பது? ஆனால் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் கோல்கீப்பருக்கு அடுத்தபடியாகப் பனியில் அதிக நேரம் செலவிடும் ஆட்களைக் கவனிக்காமலே விட்டுவிடுவோம். அவர்கள்தான் டிஃபென்ஸ்மேன்கள். கோல் அடித்தவர் பெயர் மறுநாள் செய்தியில் வரும். விழவிருந்த மூன்று கோல்களை விழாமல் பார்த்துக்கொண்டவர் பெயர் பெரும்பாலும் வராது.

அந்த வேலை என்ன, ஒருவர் எப்படி அதற்குள் வருகிறார், எத்தனை வயதில் முதிர்கிறார், எப்படி முடிக்கிறார் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நடுவே ஒருவரை அடிக்கடி துணைக்கு அழைப்பேன்: ஸ்வீடனைச் சேர்ந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரம். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் என்ற ஒரே அணிக்காக 20 பருவங்கள், 1,564 ஆட்டங்கள் ஆடியவர். இந்தத் தொழிலை இவரைவிடச் சுத்தமாகச் செய்தவர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஆட்டம்

நமக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டி மைதானங்கள்தான் நினைவுக்கு வரும். பனித்தள ஹாக்கியின் கணக்கே வேறு. வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கில் களம் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். சுற்றிலும் பலகைச் சுவர், அதன் மேல் கண்ணாடி. வட்டு சுவரில் பட்டுத் திரும்பி வரும், ஆட்டம் நிற்காது. கோல் கம்பத்துக்குப் பின்னாலும் ஆடலாம். ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், தடுக்கும் டிஃபென்ஸ்மேன் இருவர், தாக்கும் ஃபார்வர்டு மூவர். 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றலாம். முழு வேகத்தில் சறுக்கினால் முக்கால் நிமிடத்தில் தொடை எரியத் தொடங்கிவிடும் என்பதால், ஒவ்வொருவரும் 45 நொடி வாக்கில் ஆடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்புவார்கள். இதற்கு ‘ஷிஃப்ட்’ என்று பெயர். ஓர் ஆட்டத்துக்கு 12 ஃபார்வர்டுகளும் 6 டிஃபென்ஸ்மேன்களும் சீருடை அணிவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று ஃபார்வர்டு இடங்களைப் பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் தலைக்கு 15 நிமிடம். இரண்டு டிஃபென்ஸ் இடங்களை ஆறு பேர் பகிர்ந்தால் தலைக்கு 20 நிமிடம். அந்த ஆறு பேரிலும் சிறந்த இருவரைப் பயிற்சியாளர் 25 நிமிடத்துக்கு மேல் இறக்குவார். லிட்ஸ்ட்ரமின் உச்ச காலத்தில் சராசரியே 28 நிமிடத்தைத் தாண்டியது. 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில், ஆட்டத்தின் பாதி நேரம் ஒரே ஆளின் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

களத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள் உண்டு. எதிரணியின் நீலக்கோட்டை வட்டு கடந்த பிறகுதான் தாக்குபவர்கள் கடக்க வேண்டும், முந்திக்கொண்டால் ஆஃப்சைடு. வட்டு ஒருமுறை கோட்டுக்கு வெளியே வந்துவிட்டால், உள்ளே இருக்கும் தாக்குபவர்கள் எல்லாரும் வெளியேறிவிட்டுத்தான் மறுபடி நுழைய முடியும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், டிஃபென்ஸ்மேன் ஏன் எப்போதும் நீலக்கோட்டை ஒட்டியே உயிரை விடுகிறார் என்பது விளங்கும்.

பின்னோக்கிப் போகிறவர்

எதிரணி ஃபார்வர்டு ஒருவர் வட்டோடு முழு வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிஃபென்ஸ்மேன் அவருக்கு முகம் காட்டியபடி பின்னோக்கிச் சறுக்குகிறார். வருபவர் முன்னோக்கி, இவர் பின்னோக்கி, வேகமோ கிட்டத்தட்ட ஒன்று. இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் எல்லாமே. அதிக இடம் விட்டால், வருபவர் டிஃபென்ஸ்மேனின் உடலையே திரையாக வைத்து, கோல்கீப்பருக்குத் தெரியாதபடி வட்டை அடித்துவிடுவார். மிக நெருங்கிவிட்டால், ஒரு தோள் அசைவில் ஏமாற்றிவிட்டுப் பக்கவாட்டில் தாண்டிவிடுவார். பின்னோக்கிப் போகும் ஆள் திரும்பி, காலை மாற்றி, வேகமெடுப்பதற்குள் கதை முடிந்துவிடும். மட்டையை நீட்டினால் வட்டைத் தொட முடிகிற தூரம், அதைவிடக் கொஞ்சம் கூடுதல்: அந்த இடைவெளியை ஒவ்வொரு நொடியும் காத்தாக வேண்டும்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பது இளம் ஆட்டக்காரர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம். வட்டைப் பார்க்கக் கூடாது. வருபவரின் மார்பைப் பார்க்க வேண்டும். வட்டு பொய் சொல்லும், தலையும் தோளும் பொய் சொல்லும், மார்பு மட்டும் போகப்போகும் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். கபடியில் ரைடரின் கையசைவுக்கு மயங்காமல், அவர் காலை ஊன்றும் கணத்துக்காகக் காத்திருக்கும் மூலை ஆட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பொறுமைதான் இங்கும். ஒரு கையில் மட்டையை நீட்டி வைத்து, களத்தின் நடுப்பகுதியை அடைத்துக்கொண்டு, வருபவரை மெதுவாகப் பலகைச் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டே போவார் நல்ல டிஃபென்ஸ்மேன். மோதவே வேண்டாம். போக வழியில்லாத இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்துவிட்டால் வட்டு தானாகக் கைக்கு வரும்.

இரண்டு பேர் வந்து, தடுக்க ஒருவர் மட்டும் இருந்தால்? வட்டை வைத்திருப்பவரைக் கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார். டிஃபென்ஸ்மேன் நடுவில் நின்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும் பாதையை மட்டையால் அடைக்க வேண்டும். இந்த வேலைப் பங்கீட்டை இருவரும் பேசாமலே புரிந்துகொண்டிருப்பார்கள். பதற்றத்தில் டிஃபென்ஸ்மேன் வட்டை நோக்கிப் பாய்ந்துவிட்டால் மறுபக்கம் காலி கோல்தான்.

வட்டை மீட்ட பிறகு என்ன செய்கிறார் என்பது இதைவிடக் கடினமான பாதி. எதிரணி வட்டை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வரும். டிஃபென்ஸ்மேன் சுவரை நோக்கி, அதாவது வருபவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, போய் அதை எடுக்க வேண்டும். நல்லவர்களை இங்கே ஒரே ஒரு பழக்கத்தை வைத்து அடையாளம் காணலாம்: வட்டைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார்கள், பல சமயம் இரண்டு முறை. எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறார், தன் ஆள் எங்கே காலியாக நிற்கிறார் என்ற இரண்டும் அந்தப் பார்வையில் தெரிந்துவிடும். பிறகு வட்டு மட்டையில் பட்ட அதே கணத்தில் பாஸ் போய்விடும். அப்படிப் பார்க்காதவர் வட்டை எடுத்து நிமிர்கையில் நூறு கிலோ எடை முதுகில் வந்து மோதும்.

தன் அணி தாக்கும்போது டிஃபென்ஸ்மேன்கள் இருவரும் எதிரணி நீலக்கோட்டின் உள்ளோரத்தில் நிற்பார்கள். வட்டு வெளியேறிவிடாமல் காப்பதும், தூரத்திலிருந்து ஓங்கி அடிப்பதும், எப்போது முன்னேறிப் போகலாம் என்று முடிவெடுப்பதும் அவர்கள் பொறுப்பு. முன்னேறும் முடிவு தப்பினால் பின்னால் வெட்டவெளி. லிட்ஸ்ட்ரம் நேராக இடுப்புயரத்தில் பறந்து வரும் வட்டைக்கூட மட்டையால் தட்டி இறக்கிவிடுவார். டெட்ராய்ட்டின் ஜோ லூயிஸ் அரினாவில் கோலுக்குப் பின்னிருந்த பலகைகளில் பட்ட வட்டு துள்ளித் திரும்பும். அதைத் தெரிந்து, வேண்டுமென்றே கோலுக்கு வெளியே அடித்து, மறுபக்கம் துள்ளி வரும் வட்டைத் தன் ஃபார்வர்டுக்குச் சேர்ப்பார். பார்க்கிறவருக்கு அது குறிதவறிய அடியாகத்தான் தெரியும்.

உள்ளே வரும் வழி

கனடாவில் பிறந்த பையன் பெரும்பாலும் பதினாறு வயது வாக்கில் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி ஜூனியர் லீக்கில் ஆடுவான். அமெரிக்கர்கள் பலர் பல்கலைக்கழக அணிகள் வழியாக வருகிறார்கள். ஸ்வீடன், ஃபின்லாந்து, செக் குடியரசு, ரஷ்யா போன்ற நாடுகளில் ஊர்க் கிளப்பே பள்ளி. அங்கே பதினெட்டு வயதுப் பையன் முப்பது வயதுக்காரர்களோடு முதுநிலை லீக்கில் ஆட முடியும். பதினெட்டு வயதானவர்களை என்.ஹெச்.எல். அணிகள் ஆண்டுதோறும் டிராஃப்டில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள்.

டிஃபென்ஸ்மேன்களைத் தேர்ந்தெடுப்பது ஃபார்வர்டுகளைத் தேர்ந்தெடுப்பதைவிடச் சிரமம். கோல் அடிக்கும் திறமை பதினெட்டில் தெரிந்துவிடும். தடுக்கும் திறமையின் பெரும்பகுதி தீர்மானத்தில் இருக்கிறது. அது ஆயிரக்கணக்கான ஷிஃப்டுகளில் அடிபட்டு ஊறுவது. பதினெட்டு வயதுப் பையனிடம் அதை எப்படி அளப்பது? ராஸ்மஸ் டாலின் 2018-இல், ஓவன் பவர் 2021-இல் என முதல் இடத்திலேயே எடுக்கப்பட்ட டிஃபென்ஸ்மேன்கள் உண்டுதான். ஆனால் இந்தத் துறையின் மிகப்பெரிய பெயர்கள் சிலவற்றைப் பாருங்கள். 1989 டிராஃப்டில் லிட்ஸ்ட்ரம் மூன்றாவது சுற்றில், 53-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அதே ஆண்டு அதே டெட்ராய்ட் அணி 221-ஆவது ஆளாக எடுத்தது விளாதிமிர் கான்ஸ்டான்டினோவ் என்ற ரஷ்யரை. 1996-இல் 56-ஆவது ஆளாகப் போனவர் ஸ்லோவாக்கியாவின் ஸ்தேனோ சாரா. பின்னாளில் 1,680 ஆட்டங்கள் ஆடி, டிஃபென்ஸ்மேன்களில் வேறு எவரும் தொடாத எண்ணிக்கையை எட்டியவர். ஆறடி ஒன்பது அங்குல உயரத்தால் கைகால் ஒத்துழைக்காது என்று அவரைப் பற்றிச் சந்தேகப்பட்டவர்கள் அநேகம்.

தேர்ந்தெடுக்கப்பட்டதும் உடனே ஆட வந்துவிடுவதில்லை. லிட்ஸ்ட்ரம் இன்னும் இரண்டு ஆண்டு வெஸ்டெரோஸ் நகரின் கிளப்பிலேயே ஆடி, 1991-இல் ஸ்வீடனுக்காக உலகப் பட்டம் வென்றுவிட்டுத்தான் டெட்ராய்ட் வந்தார். மற்றவர்களுக்கு ஏ.ஹெச்.எல். என்ற இரண்டாம்நிலை லீக் காத்திருக்கிறது: நீண்ட பேருந்துப் பயணம், குறைந்த சம்பளம், மேலே யாருக்காவது காயம் பட்டால் திடீரென்று வரும் தொலைபேசி அழைப்பு. அந்த அழைப்பில் போய் நான்கு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பி வந்து, மீண்டும் அழைக்கப்படாமலே போனவர்கள் ஏராளம். முதல் ஒப்பந்தத்தில் பலருக்கு இரண்டு சம்பளங்கள் எழுதப்பட்டிருக்கும், மேல் லீக்கில் இருக்கும் நாளுக்கு ஒன்று, கீழே இருக்கும் நாளுக்கு ஒன்று.

பக்கத்தில் நிற்கிறவர்

டிஃபென்ஸ்மேன் எப்போதும் ஜோடியாக ஆடுபவர். இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: இளையவரை அனுபவசாலி ஒருவரோடு ஜோடி சேர்ப்பது அணிகளின் வழக்கம். பயிற்சியாளர் பலகையில் வரைந்து காட்டுவதைவிட, நடு ஆட்டத்தில் பக்கத்திலிருந்து “உனக்கு நேரம் இருக்கு”, “ஆள் வர்றான்” என்று வரும் இரண்டு சொற்கள் அதிகம் கற்றுத்தரும்.

லிட்ஸ்ட்ரம் 1991-இல் வந்தபோது அவருடைய ஜோடி கனடாவைச் சேர்ந்த பிராட் மெக்ரிமன். அதிகம் புகழ்பெறாத, பின்னால் நின்று காக்கும் வகை ஆட்டக்காரர். அவர் காவலுக்கு நின்றதால் இளைஞர் துணிந்து முன்னேறினார். முதல் பருவத்திலேயே கோலும் கோலுக்கான பாஸும் சேர்த்து 60 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருதுக்கான வாக்கெடுப்பில் பாவெல் புரேக்கு அடுத்த இடம். மெக்ரிமன் அதற்கு முன்பு ரே போர்க், மார்க் ஹோ ஆகியோரோடும், பிறகு ஹார்ட்ஃபோர்டில் கிறிஸ் ப்ராங்கர் என்ற பதினெட்டு வயதுப் பையனோடும் ஜோடி சேர்ந்திருக்கிறார். நால்வரும் இன்று ஹாக்கி புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். 2011 செப்டம்பரில் ரஷ்யாவின் லோகோமோடிவ் யாரஸ்லாவ்ல் அணியின் விமானம் விழுந்து நொறுங்கியபோது, அந்த அணியின் பயிற்சியாளராக இருந்த மெக்ரிமனும் இறந்துபோனார். அவர் பெயரில் பெரிய சாதனைப் பட்டியல் கிடையாது. அவர் பக்கத்தில் நின்றவர்களின் பட்டியலே போதும்.

1997 ஜூன்

ஒரு டிஃபென்ஸ்மேன் முதிர்ந்துவிட்டார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? என்.ஹெச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதியில், எதிரணியின் மிகப் பயங்கரமான ஆட்களுக்கு எதிராகப் பயிற்சியாளர் யாரை இறக்குகிறார் என்று பார்த்தால் தெரியும்.

1997 இறுதியில் டெட்ராய்ட்டுக்கு எதிராக வந்தது ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ். அவர்களின் முதல் வரிசை எரிக் லிண்ட்ராஸ், ஜான் லெக்ளேர், மிக்கேல் ரென்பெர்க். மூவருமே ஆறடிக்கு மேல், மூவருமே நூறு கிலோவுக்கு மேல். அந்த வரிசைக்கு ‘லீஜியன் ஆஃப் டூம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். முட்டி மோதும் கான்ஸ்டான்டினோவைத்தான் இவர்கள் மேல் ஏவுவார்கள் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். டெட்ராய்ட் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் லிட்ஸ்ட்ரமையும் லாரி மர்ஃபியையும் இறக்கினார். இருவருமே மோதலுக்குப் போகாதவர்கள். மர்ஃபிக்கு வயது 36. அந்த மார்ச் மாதம்தான் டொராண்டோவிலிருந்து வந்திருந்தார். அங்கே சொந்த ஊர் ரசிகர்களே அவர் வட்டைத் தொட்டதும் கூச்சல் போட்டு விரட்டியிருந்தார்கள்.

போமனின் கணக்கு எளிமையானது. அந்தப் பெரிய உடல்களுக்கு வேலை மூலைகளில்தான்: வட்டை உள்ளே அடித்து, துரத்திப் போய், டிஃபென்ஸ்மேனை நசுக்கிப் பறிப்பது. வட்டை எடுத்த கணத்திலேயே பாஸ் கொடுத்துவிடும் ஆளை எப்படி நசுக்குவது? லிண்ட்ராஸ் வந்து சேரும்போதெல்லாம் வட்டு அங்கே இல்லை. நான்கு ஆட்டங்களிலும் டெட்ராய்ட் வென்றது. லிண்ட்ராஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோல், அதுவும் கடைசி ஆட்டத்தின் கடைசி 15 நொடிக்குள். 42 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை டெட்ராய்ட்டுக்கு வந்தது. லிட்ஸ்ட்ரமுக்கு அப்போது வயது 27, ஆறு பருவங்கள் முடிந்திருந்தன. அதன் பிறகும் உச்சம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கு 1954 முதல் கொடுக்கப்படுவது ஜேம்ஸ் நாரிஸ் விருது. 1998, 1999, 2000 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லிட்ஸ்ட்ரம் இரண்டாம் இடம். 2001-இல், 31 வயதில்தான் முதல் விருது. பிறகு 2002, 2003, 2006, 2007, 2008, 2011 என மொத்தம் ஏழு. கடைசி விருதை வாங்கும்போது 41. ஃபார்வர்டுகள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுவார்கள். டிஃபென்ஸ்மேனுக்கு முப்பதில்தான் தொழில் கைவருகிறது. சாராவும் தன் நாரிஸ் விருதை 32 வயதில்தான் வாங்கினார். காலின் வேகம் குறையக் குறைய, எங்கே போய் நிற்க வேண்டும் என்ற அறிவு அதை ஈடுசெய்கிறது. முன்கூட்டியே அங்கே நிற்பவருக்கு ஓட வேண்டிய தேவையே குறைவு.

எதை வைத்து அளப்பது?

கோலும் பாஸும் எண்ணுவது சுலபம். அதனால் நாரிஸ் விருது பல ஆண்டுகளில் அதிகப் புள்ளி எடுத்த டிஃபென்ஸ்மேனுக்கே போகிறது என்ற குறை நெடுநாளாக உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் கேப்டனாக மூன்று ஸ்டான்லி கோப்பைகளை வென்ற ஸ்காட் ஸ்டீவன்ஸுக்கு அந்த விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு பழைய அளவுகோல் ‘பிளஸ்-மைனஸ்’. இரு பக்கமும் சம ஆட்கள் இருக்கும்போது நீங்கள் களத்தில் நிற்கையில் உங்கள் அணி கோல் அடித்தால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. பாஸ்டன் அணியின் டிஃபென்ஸ்மேன் பாபி ஆர் 1970-71 பருவத்தில் கூட்டல் 124 எடுத்தார். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. லிட்ஸ்ட்ரமின் மொத்தக் கணக்கு கூட்டல் 450. ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. மோசமான கோல்கீப்பர் பின்னால் நின்றால் நல்ல டிஃபென்ஸ்மேனும் கழித்தலில் விழுவார். லிட்ஸ்ட்ரம் தன் வாழ்நாளில் கழித்தலில் முடித்த ஒரே பருவம் 2010-11, கழித்தல் இரண்டு. அந்தப் பருவத்துக்குத்தான் ஏழாவது நாரிஸ் விருது.

என்னைக் கேட்டால் அவரைப் பற்றிச் சொல்லும் எண் வேறு: 1,564 ஆட்டங்களில் அவர் பெனால்டிக்காக வெளியே உட்கார்ந்தது மொத்தம் 514 நிமிடம். ஆட்டத்துக்கு இருபது நொடி. தாமதமாகப் போய்ச் சேர்பவர்தான் பிடித்து இழுப்பார், தட்டிவிடுவார். சரியான இடத்தில் ஏற்கெனவே நிற்பவருக்குத் தப்புச் செய்ய வேண்டிய அவசியம் வருவதில்லை.

2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறில் நின்றுபோனது. ஆட்டம் திரும்பியபோது, எதிராளியை மட்டையால் கொக்கி போட்டு இழுப்பதற்கும் பிடித்து நிறுத்துவதற்கும் நடுவர்கள் கண்டிப்பாகப் பெனால்டி கொடுக்கத் தொடங்கினார்கள். கனமான, மெதுவான டிஃபென்ஸ்மேன்கள் பலருக்கு அது தொழில் முடியும் காலமாயிற்று. லிட்ஸ்ட்ரம் அந்த 2005-06 பருவத்தில் 35 வயதில் 80 புள்ளிகள் எடுத்தார். அதே குளிர்காலத்தில் டுரின் ஒலிம்பிக் இறுதியில் ஃபின்லாந்துக்கு எதிராக மூன்றாம் பகுதி தொடங்கிய பத்தாவது நொடியில் அவர் அடித்த கோல்தான் ஸ்வீடனுக்குத் தங்கம். இன்று கேல் மகார், குவின் ஹியூஸ் போன்ற, உயரம் அதிகமில்லாத, காலில் சக்கரம் கட்டிய டிஃபென்ஸ்மேன்கள் ஆள்வதற்கு வழி திறந்தது அந்த மாற்றம்தான்.

உடம்பு கொடுக்கும் விலை

வட்டுக்கு முன்னால் விழுந்து உடலால் தடுப்பதும் டிஃபென்ஸ்மேனின் வேலை. பாதம், கணுக்கால், விரல், தாடை, எது வேண்டுமானாலும் உடையும். 2019 ஸ்டான்லி கோப்பை இறுதியாட்டங்களில் வட்டு பட்டுத் தாடை உடைந்த சாரா, அடுத்த ஆட்டத்திலேயே முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கினார், வயது 42. இதை வீரம் என்று கொண்டாடுவது வழக்கம். எனக்கு அதில் பாதி மட்டுமே சம்மதம். வலியை மறைத்து ஆடுவதைப் பெருமையாக்கும் பழக்கம் இளையவர்களின் உடலை எத்தனை முறை கெடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாபி ஆரைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1966-இல் 18 வயதில் பாஸ்டனுக்கு வந்தார். டிஃபென்ஸ்மேன் தானே வட்டைச் சுமந்து கொண்டுபோய் கோல் அடிக்கலாம் என்று காட்டியவர் அவர். தொடர்ந்து எட்டு நாரிஸ் விருதுகள். லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவருக்கான பட்டத்தை 1970, 1975 என இரண்டு முறை வென்றார். வேறெந்த டிஃபென்ஸ்மேனும் அதை ஒருமுறைகூட வென்றதில்லை. இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை மேல் அறுவைச் சிகிச்சை. மூட்டைக் காப்பாற்றும் இன்றைய நுட்பங்கள் அப்போது இல்லை. 657 ஆட்டங்களோடு, 1978-இல், 30 வயதில் முடிந்துவிட்டது. மற்றவர்கள் கனியத் தொடங்கும் வயது அது.

கிறிஸ் ப்ராங்கருக்கு 2011-இல் எதிராளியின் மட்டை கண்ணில் பட்டது. சில வாரங்களிலேயே ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 2013 முதல் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முகத்தில் கண்ணாடித் தடுப்பு அணிந்தே ஆக வேண்டும். தலையைக் குறிவைத்து மோதுவதற்கு எதிரான விதி 2010-இல் வந்தது. இவை இன்னும் பத்து ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டியவை.

களத்துக்கு வெளியே நடந்ததும் உண்டு. 1997 ஜூன் 7 அன்று கோப்பை வென்ற டெட்ராய்ட் அணியில், அந்த ஆண்டு நாரிஸ் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்ற கான்ஸ்டான்டினோவ் இருந்தார். ஆறு நாள் கழித்து, கொண்டாட்டத்திலிருந்து திரும்பிய வாடகைக் கார் மரத்தில் மோதியதில் அவருக்குத் தலையில் பலத்த காயம். 30 வயது. அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. அடுத்த ஆண்டும் டெட்ராய்ட் வென்றபோது, அணியினர் அவரைச் சக்கர நாற்காலியில் பனித்தளத்துக்கு அழைத்து வந்து கோப்பையை மடியில் வைத்தார்கள்.

சம்பளம், ஊர் மாற்றம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005 முதல் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு; 2025-26-இல் அது 9.55 கோடி டாலர். அந்தப் பருவத்தில் ஒரு வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். உச்சியில் எரிக் கார்ல்சன் 2019-இல் ஆண்டுக்கு 1.15 கோடி வீதம் எட்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். பொதுவாக 27 வயது அல்லது ஏழு பருவங்கள் ஆன பிறகே விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திரம் கிடைக்கிறது. அதுவரை அணி வேறு அணியோடு பேசி மாற்றிக்கொண்டால், மனைவி மக்களோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். சாராவே முதல் அணியிலிருந்து ஆட்டாவாவுக்கு அப்படி அனுப்பப்பட்டவர்தான். 2006-இல் சுதந்திரம் கிடைத்ததும் பாஸ்டனைத் தேர்ந்தெடுத்து, அங்கே கேப்டனாகி, 2011-இல் கோப்பை வென்றார். லிட்ஸ்ட்ரமைப் போல ஒரே ஊரில் தொடங்கி முடிப்பது அபூர்வம்.

முடிக்கும் விதம்

கிறிஸ் செலியோஸ் 48 வயது வரை ஆடினார். ரே போர்க் பாஸ்டனில் இருபது ஆண்டுகள் ஆடியும் கோப்பை கிடைக்காமல், 2000-இல் கொலராடோவுக்குப் போய், 2001 இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் வென்று, அதோடு விலகினார். அன்று கேப்டன் ஜோ சாகிக், வழக்கப்படி தான் முதலில் தூக்கிப்பிடிக்க வேண்டிய கோப்பையை நேராக போர்க்கின் கையில் கொடுத்தார். பதிவுகளைத் தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

லிட்ஸ்ட்ரம் 2012 மே 31 அன்று, 42 வயதில் ஓய்வை அறிவித்தார். இன்னும் ஓராண்டு ஆடியிருக்க முடியும் என்று பலரும் நினைத்தார்கள். தனக்கென்று வைத்திருந்த தரத்துக்குத் தன்னால் இனி ஆட முடியாது என்று அவர் நினைத்தார். குடும்பத்தோடு ஸ்வீடனுக்குத் திரும்பினார். 2014-இல் அவருடைய ஐந்தாம் எண் சட்டை டெட்ராய்ட் அரங்கின் கூரைக்கு ஏறியது, 2015-இல் புகழ்மண்டபம். 2022-இல் அதே அணிக்கு நிர்வாகத்தில் துணைத் தலைவராகத் திரும்பினார்.

இப்போது ஓர் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு ஷிஃப்ட், 45 நொடி மட்டும், வட்டை விட்டுவிட்டு ஒரு டிஃபென்ஸ்மேனை மட்டும் தொடருங்கள். மூலைக்குப் போகும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாரா? பின்னோக்கிப் போகும்போது மட்டை நீண்டிருக்கிறதா, இடைவெளி நிலையாக இருக்கிறதா? நீலக்கோட்டில் வட்டு தப்பப் பார்க்கும்போது முன்னேறுகிறாரா, பின்வாங்குகிறாரா, அந்த நேரம் அவருடைய ஜோடி எங்கே நிற்கிறார்? தொடங்க வேண்டுமானால் 2002 ஸ்டான்லி கோப்பைச் சுற்றுகளில் வான்கூவருக்கு எதிரான முதல் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தைத் தேடுங்கள். சொந்த ஊரில் முதல் இரண்டு ஆட்டங்களையும் டெட்ராய்ட் தோற்றிருந்தது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பகுதி முடிய அரை நிமிடம்கூட இல்லை. லிட்ஸ்ட்ரம் களத்தின் நடுக்கோட்டருகிலிருந்து வட்டை ஓங்கி அடிக்கிறார், கோல்கீப்பரைத் தாண்டி அது உள்ளே போய்விடுகிறது. டெட்ராய்ட் அந்த ஆட்டத்தையும், சுற்றையும், கோப்பையையும் வென்றது; இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்ற முதல் ஐரோப்பியரானார் லிட்ஸ்ட்ரம்.